புலிக்கலைஞனுக்கு வேலை கொடுக்க முடியாதவர்கள்

கேம்ப் ரோடு சந்திப்பில் எங்கள் கம்பெனி பஸ் காலை ஏழு பத்துக்கு வரவேண்டும். ஏழு இருபதுக்கு முன்னால் ஒரு நாளும் வந்ததில்லை. அந்தப் பத்து நிமிடத்தில்தான் நானும் அவனும் புத்தகம் பேசுவோம். அவன் என்று இங்கே சொல்வது என் டீமில் இருந்த ஒரு தம்பியை. செய்யாறு பக்கத்துக் கிராமம். குடும்பத்தில் முதல் பட்டதாரி. சேலையூரில் ஒரு மாடி வீட்டில் நான்கு பேரோடு சேர்ந்து வாடகைக்கு இருந்தான். ஒரு நாள் கேட்டான்:

"அண்ணா, நம்ம வேலையைப் பத்தித் தமிழ்ல உருப்படியா ஒரு கதை இருந்தா சொல்லுங்க. காதல் வேணாம், கொலை வேணாம். வேலை."

கொஞ்சம் யோசித்துவிட்டு, அசோகமித்திரனின் 'புலிக்கலைஞன்' என்றேன். அங்கேயே போனில் தேடினான். "இது சினிமா ஸ்டுடியோ கதைண்ணா" என்றான். "ஆமா. படிச்சிட்டுச் சொல்லு." பஸ் வந்துவிட்டது.

யோசித்துத் தேர்ந்தெடுத்துச் சொன்ன பதில் இல்லை அது. வாயில் வந்தது. ஆனால் அதற்குப் பிறகு நடந்தவற்றால் அந்தக் கதையைத் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டியதாயிற்று. ஒரு பெரிய நிறுவனத்தில் வேலை பார்ப்பது என்றால் என்ன, அதில் என்ன கிடைக்கிறது, எது போகிறது என்பதைத் தமிழில் நேர்மையாக எழுதியவர் அசோகமித்திரன்தான் என்று இப்போது தோன்றுகிறது. ஐ.டி. வந்த பிறகு எழுதிய நாங்கள் அதைச் செய்யவில்லை. ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரை.

ஜெமினி ஸ்டுடியோவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இன்றைய வாசகர்கள் பலருக்கு ஜெமினி என்றால் மேம்பாலம். எஸ்.எஸ். வாசன் 1940இல் தொடங்கிய ஸ்டுடியோ. 'சந்திரலேகா' (1948) அங்கேதான் எடுக்கப்பட்டது. அன்றைய பெரிய ஸ்டுடியோக்களில் நடிகர், எழுத்தாளர், தச்சர், மேக்கப்காரர் என்று எல்லோரும் மாதச் சம்பளத்துக்கு இருந்தார்கள். படம் இருக்கிறதோ இல்லையோ, மாசம் பிறந்தால் சம்பளம். எங்கள் மொழியில் சொன்னால் பாதிப் பேர் எப்போதும் பெஞ்சில் இருந்தார்கள். செகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்த ஜ. தியாகராஜன், அப்பா இறந்த பிறகு 1952இல் சென்னைக்கு வந்து இங்கே சேர்ந்தார். 1966 வரை இருந்தார். பதினான்கு வருடம். அசோகமித்திரன் என்று நமக்குத் தெரிந்தவர் அவர்தான்.

அந்த வருடங்களைப் பற்றி ஆங்கிலத்தில் 'மை இயர்ஸ் வித் பாஸ்' என்று ஒரு புத்தகம் எழுதினார். அதில் ஒரு பகுதி 'பொயட்ஸ் அண்ட் பான்கேக்ஸ்' என்ற பெயரில் சிபிஎஸ்இ பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலப் பாடமாக இருக்கிறது. இந்தியா முழுக்க லட்சக்கணக்கான பிள்ளைகள் ஐந்து மார்க் கேள்விக்காக அதைப் படித்துவிட்டு, பிறகு பொறியியல் சேர்ந்து, நேராக அந்தக் கட்டுரைக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்கிறார்கள். தமிழில் எழுதிய ஒருவரின் மிக அதிகம் வாசிக்கப்பட்ட அலுவலகச் சித்திரம் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

அதில் அவருடைய வேலை என்ன? செய்தித்தாள்களிலிருந்து துணுக்குகளை வெட்டி, பொருள்வாரியாகக் கோப்பில் சேர்ப்பது. பார்க்கிறவர்களுக்கு இவர் சும்மா உட்கார்ந்திருப்பதாகவே தெரியும். அதனால் யார் வேண்டுமானாலும் அறைக்குள் நுழைந்து அவருக்கு உபதேசம் செய்யலாம். மேக்கப் பிரிவில் 'ஆஃபீஸ் பாய்' ஒருவர். பாய் என்று பேர், வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. நடிகராகவோ கவிஞராகவோ ஆகும் கனவில் உள்ளே வந்து, கூட்டக் காட்சிகளில் முகங்களுக்குச் சாயம் பூசுபவராக முடிந்தவர். தன் திறமை இங்கே வீணாகிறது என்று வந்து வந்து புலம்புவார். எனக்கு இந்த மனிதரை நன்றாகத் தெரியும். எங்கள் மூன்றாவது மாடியில் இருக்கிறார். மெயின்ஃப்ரேமில் பன்னிரண்டு வருடம்.

இன்னொருவர் சட்ட ஆலோசகர். கதை இலாகாவில் கவிஞர்களோடு அவரையும் சேர்த்து வைத்திருந்தார்கள். ஒரு நாள் முதலாளி கதை இலாகாவை மூடினார். கவிஞர்கள் வீட்டுக்குப் போனார்கள். கூடவே வக்கீலும். அவர் தவறு ஏதும் செய்து அது நடக்கவில்லை. அவர் பெயர் இருந்த பட்டியலின் தலைப்பு போய்விட்டது, அவ்வளவுதான். கோட்டும் டையும் போட்டுக்கொண்டு, கதர் கட்டிய கவிஞர்கள் நடுவே தனியாகத் தெரிந்த ஒரு மனிதரை நிறுவனம் பார்த்த விதம் அது. அசோகமித்திரன் இதை நகைச்சுவையாகத்தான் சொல்கிறார். ப்ராஜெக்ட் கோடு மூடப்பட்டதால் வேலை போன யாரிடமாவது இதைச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்களா என்று.

அதே கட்டுரையில், அறுநூறு பேர் கொண்ட 'ஜெமினி குடும்பம்' என்று ஒரு சொல் வருகிறது. குடும்பம்! எங்கள் கம்பெனிக் கூட்டங்களிலும் இந்தச் சொல் வரும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரும்.

இனி 'புலிக்கலைஞன்'. கதை எளிது. ஒரு சினிமா ஸ்டுடியோவின் அலுவலக அறை. வேலை பெரிதாக இல்லாத காலம். டகர் பாயிட் காதர் என்று ஒருவன் வாய்ப்புக் கேட்டு வருகிறான். கதை இலாகாவில் இருக்கும் சர்மா, ஒரு காலத்தில் போலீஸ் சப்-இன்ஸ்பெக்டராக இருந்தவர், அவனிடம் வழக்கமான கேள்விகளைக் கேட்கிறார். அவன் தனக்குப் புலி வேஷம் வரும் என்கிறான். செய்து காட்டுகிறான். அந்தச் சில நிமிடங்களில் அறைக்குள் நிஜமாகவே புலி வந்துவிடுகிறது. முடிந்ததும் மறுபடி ஒரு பசித்த மனிதன், வேலை கேட்டுக் கெஞ்சுகிறவன். பிற்பாடு அவனுக்குப் பொருந்துகிற மாதிரி ஒரு வாய்ப்பு வரும்போது கடிதம் போடுகிறார்கள். அது திரும்பி வருகிறது. அவனைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

இந்தக் கதையைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் காதரைப் பற்றியே எழுதியிருக்கிறார்கள். அழிந்துபோகும் கலை, அங்கீகாரம் கிடைக்காத கலைஞன், இத்யாதி. நானும் கல்லூரியில் அப்படித்தான் படித்தேன். தாம்பரம் சானடோரியத்திலிருந்து மின்சார ரயிலில் நின்றுகொண்டே படித்தது. கலைஞன் பக்கம் நின்று கண் கலங்குவதில் ஒரு சௌகரியம் இருக்கிறது: நம்மையும் அவனாக நினைத்துக்கொள்ளலாம்.

முப்பத்தைந்து வயதில் திரும்பப் படிக்கும்போது நான் காதர் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து, "என்ன தெரியும்?" என்று கேட்கும் ஆள். கதை சொல்லப்படுவதே அந்தப் பக்கத்திலிருந்துதான். கதைசொல்லி ஸ்டுடியோ ஊழியன். அவன் 'நாங்கள்' என்கிறான். கதையின் மையம் அந்த நாற்காலிகள்தான் என்று இப்போது நினைக்கிறேன். அவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. திறமையைப் பார்த்தவுடன் அடையாளம் கண்டுகொள்கிறார்கள், நெகிழ்கிறார்கள். வேலை மட்டும் கொடுக்க முடியவில்லை. ஏனென்றால் அவர்களே சம்பளத்துக்கு உட்கார்ந்திருப்பவர்கள். முதலாளி அந்த அறையில் இல்லை. பெரிய நிறுவனத்தில் முதலாளி எப்போதுமே அந்த அறையில் இருப்பதில்லை.

'நாங்கள்' என்ற சொல்லில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஆங்கிலத்தில் 'வீ' ஒன்றுதான். தமிழில் நாம் உண்டு, நாங்கள் உண்டு. பேசும்போதே, கேட்பவன் உள்ளேயா வெளியேயா என்று முடிவு செய்துவிட வேண்டும். கம்பெனியிலிருந்து வருகிற பெரிய மின்னஞ்சல்களை நான் மனசுக்குள் தமிழ்ப்படுத்திப் பார்ப்பது வழக்கம். முதல் பத்தியில் வரும் 'வீ'யை 'நாம்' என்று மொழிபெயர்க்கலாம்: நாம் சேர்ந்து சாதித்தோம். மூன்றாம் பத்தியில் அதே சொல்லை 'நாங்கள்' என்றுதான் எழுத முடியும்: நாங்கள் கடினமான முடிவு ஒன்றை எடுக்க வேண்டியிருந்தது. ஆங்கிலத்தில் இந்தத் தாவல் கண்ணுக்கே தெரியாது. அசோகமித்திரனிடம் தெரியும். காதரிடம் 'நாம்' என்று யாரும் சொல்வதில்லை.

அமெரிக்க எழுத்தாளர் ஜோஷுவா ஃபெரிஸ், ஆட்குறைப்பு நடக்கும் ஒரு சிகாகோ விளம்பர நிறுவனத்தைப் பற்றி 2007இல் ஒரு நாவல் எழுதினார், 'தென் வீ கேம் டு தி எண்ட்'. ஏறக்குறைய முழுவதும் 'வீ' என்றே சொல்லப்படும் நாவல். அதன் வலிமை அந்தச் சொல்லின் குழப்பம்தான்: ஒவ்வொருவராக வேலையை விட்டு அனுப்பப்பட, 'வீ' சுருங்கிக்கொண்டே போனாலும் அது 'வீ'தான். அதைத் தமிழில் கொண்டுவருகிறவருக்கு முதல் வரியிலேயே தலைவலி. எனக்கு அந்தத் தலைவலி பிடித்திருக்கிறது.

சரி, நடந்ததைச் சொல்கிறேன்.

போன வருடம் அப்ரைசல் முடிகிற சமயத்தில் ஒரு வீடியோ அழைப்பு. ஆறு டீம் லீடுகள், ஒரு டெலிவரி மேனேஜர், திரையில் ஒரு எக்செல் தாள். அதற்குக் காலிபரேஷன் என்று பெயர். பெல் கர்வ் தெரியுமல்லவா, நூறு பேர் இருந்தால் இத்தனை பேர் மேலே, இத்தனை பேர் நடுவில், இத்தனை பேர் கீழே. ஒவ்வொரு டீமிலிருந்தும் ஒரு பெயர் கடைசி வரிசைக்குப் போக வேண்டும். என் டீமில் ஒன்பது பேர். எட்டுப் பேரை ஒதுக்கினால் ஒருவர் மிஞ்சுவார், கணக்கு அவ்வளவுதான். கடைசியில் இரண்டு பெயரில் வந்து நின்றது. ஒருவர் பெருங்களத்தூரில் ஃப்ளாட் வாங்கி, இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்புகிறவர். இன்னொருவன் இவன்.

நான் இரண்டு நிமிடம் வாதாடினேன். அப்புறம், "அவன் புதுசு, சின்ன வயசு, வெளிய ஈஸியா வேலை கிடைச்சிடும்" என்றேன். மேனேஜர் தட்டச்சு செய்தார். எக்செல்லில் ஒரு கட்டத்தின் நிறம் மாறியது. அடுத்த டீமுக்குப் போனார்கள்.

ஏழு வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை அவனை ஹெச்.ஆர். அழைத்தது. மதியம் மூன்று மணிக்கு லேப்டாப்பைக் கொடுத்துவிட்டான். நான் அப்போது வேறு மீட்டிங்கில் இருந்தேன். இருந்தேனா, இருக்க வைத்துக்கொண்டேனா என்று எனக்கே தெரியவில்லை. ராத்திரி அவனுக்கு ஏதாவது எழுதலாம் என்று பார்த்தால் நம்பர் இல்லை. இரண்டு வருடப் பேச்சு முழுக்கக் கம்பெனி சாட்டில்தான், அது மூடிவிட்டது. புத்தி இல்லாமல் ஆஃபீஸ் மெயிலுக்கே எழுதினேன். அப்படி ஒரு முகவரி இல்லை என்று அரை நிமிடத்தில் திரும்பி வந்தது. கதையில் தபால்காரருக்குச் சில நாட்களாவது ஆகிறது.

தளத்தில் அவனைப் பற்றி என்னிடம் கேட்டது ஒரே ஒருவர். பெரும்பாக்கம் குடியிருப்பிலிருந்து வரும் ஹவுஸ்கீப்பிங் அக்கா. "அந்த ஓரத்து சீட்டுத் தம்பி வரலையா சார்?" அவருடைய அடையாள அட்டையின் கயிறு வேறு நிறம். காண்ட்ராக்ட். நகருக்குள்ளிருந்து வீடு காலி செய்யப்பட்டுப் பெரும்பாக்கத்துக்கும் கண்ணகி நகருக்கும் அனுப்பப்பட்ட குடும்பங்களின் பெண்கள்தான் இந்தச் சாலையின் கண்ணாடிக் கட்டடங்களைத் துடைக்கிறார்கள். எங்கள் 'நாங்க'ளில் அவர்களும் கிடையாது.

இப்போது, ஐ.டி. காலத்துத் தமிழ்ப் படைப்புகளுக்கு வருகிறேன். தரமணியில் டைடல் பார்க் 2000இல் திறந்தது. கால் நூற்றாண்டு ஆகிறது. சோழிங்கநல்லூர், நாவலூர், சிறுசேரி என்று தெற்கே ஒரு சாலை நெடுக லட்சக்கணக்கானவர்கள் வேலை பார்த்திருக்கிறார்கள். அதில் எழுதுகிறவர்களும் குறைவில்லை, இந்தப் பத்திரிகையின் பாதி எழுத்தாளர்கள் ஏதோ ஒரு கம்பெனியில் டிக்கெட் மூடிக்கொண்டிருப்பவர்கள்தான். ஆனால் வேலை செய்யும் இடத்தைப் பற்றி வந்தவை கொஞ்சம்.

மனசில் ஆழமாகப் பதிந்தது ஒரு நாவல் இல்லை, ராம் இயக்கிய 'கற்றது தமிழ்' (2007). தமிழ் படித்த பிரபாகரின் சம்பளத்துக்கும் கணினி வேலைக்காரனின் சம்பளத்துக்கும் உள்ள தூரம்தான் படத்தின் கோபம். அந்தக் கோபம் நிஜம். படம் வந்தபோது நான் பொறியியல் மாணவன். தாம்பரத்தில் பார்த்துவிட்டு வெளியே வரும்போது வெட்கமாக இருந்தது. ஆனால் அந்தப் படத்தில் கம்பெனி ஊழியன் என்பவன் ஒரு சம்பளத் தொகை. அவன் அப்பா என்ன செய்தார், அந்தத் தொகை எத்தனை பேருக்குப் பிரிகிறது என்ற கேள்விக்கே இடமில்லை. வெளியிலிருந்து கண்ணாடியைப் பார்த்தால் தன் முகம்தான் தெரியும்.

விநாயக முருகனின் 'ராஜீவ்காந்தி சாலை' வேறு மாதிரி. உள்ளே வேலை பார்த்தவர் எழுதியது. அந்தச் சாலை போடப்பட்டபோது நிலம் போனவர்களையும், அந்த நிலத்தின் மேல் எழுந்த கட்டடங்களில் இருப்பவர்களையும் ஒரே நாவலுக்குள் கொண்டுவந்தது பெரிய விஷயம். பள்ளிக்கரணைச் சதுப்பைக் கடந்து தினமும் போகிறவன் என்ற முறையில் அதற்கு நன்றி சொல்ல வேண்டும். என் குறை, அது கட்டடத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, உள்ளே நுழையும்போதெல்லாம் உறவுச் சிக்கலையும் சாவையும் தேடிப் போய்விடுகிறது என்பது. ஐ.டி. வாழ்க்கை என்றாலே அதிர்ச்சியாக ஏதாவது சொல்ல வேண்டும் என்ற நிர்ப்பந்தம். இரா. முருகனின் 'மூன்று விரல்' அந்த நிர்ப்பந்தம் இல்லாதது. தலைப்பே கண்ட்ரோல், ஆல்ட், டெலீட் என்ற மூன்று விசைகள்தான். ப்ராஜெக்ட், வாடிக்கையாளர், வெளிநாட்டுப் பயணம் எல்லாம் தெரிந்தவரின் கையெழுத்து அதில் இருக்கிறது. அவருடைய கேலி எனக்குப் பிடிக்கும். கேலி நம்மைக் காப்பாற்றியும் விடுகிறது, அதுதான் சங்கடம்.

தனியார் கம்பெனிச் சம்பளக்காரனின் தனிமையைப் பிடித்தவர் என்றால் நாஞ்சில் நாடனைச் சொல்வேன். 'சதுரங்கக் குதிரை'யின் நாராயணன் பம்பாய் கம்பெனி ஒன்றில் வயதாகிக்கொண்டே போகும் பிரம்மச்சாரி. அங்கே சாப்பாடும் ஊரும் அளவுக்கு ஆஃபீஸ் வருவதில்லை, ஆனால் கம்பெனி ஒரு ஆளின் வருடங்களை எப்படிச் சத்தமில்லாமல் எடுத்துக்கொள்கிறது என்பது வருகிறது.

இவற்றில் எதிலும் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன்: பெரிய கம்பெனி கொடுப்பது. அதைச் சொன்னால் முதலாளித்துவத்துக்கு வக்காலத்து வாங்குவதாகிவிடும் என்று எழுத்தாளர்களுக்குப் பயம். எனக்கும் இருந்தது.

என் அம்மா சானடோரியத்தில் ஒரு சின்ன ஏற்றுமதித் துணி யூனிட்டில் தையல் மெஷினில் இருந்தார். பக்கத்திலேயே மெப்ஸ், 1984இல் வந்த ஏற்றுமதி வளாகம், தாம்பரத்துப் பெண்கள் எத்தனையோ பேருக்கு முதல் சம்பளம் கொடுத்த இடம். அம்மாவுடைய யூனிட் அதற்கு வெளியே, ஒரு சந்துக்குள். முதலாளிக்கு அம்மாவின் பெயர் தெரியும், எங்கள் தெரு தெரியும், நாங்கள் என்ன ஆட்கள் என்பது தெரியும். என் மார்க் தெரியும். தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் கொடுத்து, "பையன நல்லா படிக்க வைம்மா" என்பார். சம்பளம் மட்டும் பத்தாம் தேதி, சில மாதம் பதினெட்டாம் தேதி. கேட்டால், "நம்ம வீட்டு ஆளு நீயே இப்பிடி கேக்கலாமா" என்பார். லீவு கேட்கும்போது எதற்கு என்று முழுக்கதையும் சொல்ல வேண்டும். பி.எஃப். என்ற பேச்சே கிடையாது.

நான் சேர்ந்த கம்பெனிக்கு என் பெயர் தெரியாது. ஏழு இலக்க எண் தெரியும். அந்த எண்ணுக்கு முப்பதாம் தேதி சம்பளம் வந்தது. வாசல் கதவு என் அட்டையைப் பார்த்துத் திறந்தது. யார் வீட்டுப் பையன் என்று கேட்கவில்லை. அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்தபோது, யாரிடமும் போய் நிற்காமல், யாருக்கும் கதை சொல்லாமல், ஒரு காப்பீட்டு அட்டை நான்கு லட்சத்தைக் கட்டியது. அன்று குரோம்பேட்டை ஆஸ்பத்திரி வராந்தாவில் அம்மா கேட்டார், "யாருக்குடா நன்றி சொல்லணும்?" யாருக்கும் இல்லை என்றேன். அந்தப் பதிலில் எவ்வளவு பெரிய விடுதலை இருந்தது என்பதை எந்த நாவலும் எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. (முழுக்க விடுதலை என்று சொல்லிவிட மாட்டேன். யாருக்கு ஆன்சைட் கிடைக்கிறது, யார் யாருக்கு ரெஃபரன்ஸ் கொடுக்கிறார்கள் என்று பார்த்தால் தெரு, பெயர் எல்லாம் பின்வாசல் வழியாக உள்ளே வந்துதான் இருக்கின்றன. சேலையூரில் வீடு தேடினால், கம்பெனி அட்டையைப் பார்த்துச் சிரித்த வீட்டுக்காரரே அடுத்த கேள்வியாக, "நான்வெஜ்ஜா?" என்பார்.)

அம்மாவின் முதலாளிக்கு எங்களைத் தெரிந்ததால் எங்களைக் கட்டிப்போட முடிந்தது. என் கம்பெனிக்கு என்னைத் தெரியாததால் நான் நிமிர்ந்து நின்றேன். அதே தெரியாமைதான் செய்யாற்றுப் பையனை ஒரு எக்செல் கட்டமாக மாற்றியது. கொடுத்ததும் எடுத்ததும் ஒரே கை. லாபம் ஒரு பட்டியல், நஷ்டம் ஒரு பட்டியல் என்று பிரித்துப் போட முடியாமல் போவது இந்த இடத்தில்தான். கம்பெனியைத் திட்டும் கதைகளும், மோட்டிவேஷன் புத்தகங்களும் ஒரே தவறைச் செய்கின்றன, இரண்டும் பிரித்துப் போட்டுவிடுகின்றன.

அசோகமித்திரன் பிரிப்பதில்லை. அவருடைய 'கரைந்த நிழல்கள்' நாவலைப் பாருங்கள். ஒரு சினிமாத் தயாரிப்பைச் சுற்றி நடக்கிறது. முதல் அத்தியாயத்தில் தயாரிப்பு நிர்வாகி நடராஜன் விடியற்காலையில் வெளிப்புறப் படப்பிடிப்புக்கு ஆட்களையும் வண்டிகளையும் கிளப்பிக்கொண்டிருக்கிறான். இவன்தான் கதாநாயகன் என்று நாம் நம்புகிறோம். நாவல் அவனை விட்டுவிட்டு வேறொருவரிடம் போகிறது, அப்புறம் இன்னொருவரிடம். தயாரிப்பாளர் ரெட்டியார், பெரிய ஸ்டுடியோ முதலாளி ராம ஐயங்கார், உதவி இயக்குநர் ராஜ்கோபால். ஒருவருடைய கதை இன்னொருவருடைய பேச்சில் ஒரு வாக்கியமாகச் சுருங்கிவிடுகிறது. படம் நின்றுபோனதும் அதில் வேலை பார்த்தவர்கள் என்ன ஆனார்கள் என்று தனியாக ஓர் அத்தியாயம் கிடையாது. யாரோ யாரிடமோ பேச்சுவாக்கில் சொல்வார்கள். நாம் ஏமாந்துபோவோம், இவ்வளவுதானா என்று.

இதை நவீனத்துவ உத்தி என்று விளக்குவார்கள். எனக்கு இது லீவு முடிந்து ஆஃபீஸ் போகும் அனுபவமாக இருக்கிறது. "அவரா? அவர் போயிட்டாரே, தெரியாதா?" அவ்வளவுதான் ஒரு மனிதரின் முடிவு. பக்கத்து சீட்டில் மூன்று வருடம் உட்கார்ந்து, டப்பாவிலிருந்து ஊறுகாய் எடுத்துக்கொண்டவர். அவருடைய மீதிக் கதை நமக்குக் கிடையாது. நிறுவனத்தின் ஞாபக சக்தி எப்படியோ, அப்படியே நாவலைக் கட்டியிருக்கிறார் அவர். இதைச் செய்ய உள்ளே பதினான்கு வருடம் துணுக்கு வெட்டியிருக்க வேண்டும் போல.

அவர் மேல் எனக்கு ஒரு சண்டையும் உண்டு. 'புலிக்கலைஞன்' சர்மாவை மன்னித்துவிடுகிறது. அவரால் என்ன செய்ய முடியும், அவரும் சம்பளக்காரர்தானே என்று நாமும் தலையாட்டிவிடுகிறோம். பல வருடங்கள் அந்த மன்னிப்பில் நான் சொகுசாக இருந்திருக்கிறேன். ஆனால் என் அறையில் முதலாளி இல்லை என்பது எவ்வளவு உண்மையோ, நான் இருந்தேன் என்பதும் அவ்வளவு உண்மை. எல்லோரும் கையாலாகாதவர்கள் என்றால் அந்தப் பெயரைச் சொன்னது யார்? கருணையோடு பார்ப்பது அசோகமித்திரனின் பெரிய குணம். என் விஷயத்தில் அந்தக் கருணையை ஏற்க முடியவில்லை.

முடியாது என்று சொன்னவர்களும் இதே ஊரில் இருந்திருக்கிறார்கள். 2014 கடைசியில் ஒரு மிகப் பெரிய ஐ.டி. நிறுவனத்தின் ஆட்குறைப்பில் வேலை போன சென்னைப் பெண் ஊழியர் ஒருவர், அப்போது கர்ப்பிணி, உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2015 ஜனவரியில் இடைக்காலத் தடை கிடைத்தது. அடுத்த வருடம், ஐ.டி. ஊழியர்களும் தொழிற்சங்கம் வைத்துக்கொள்ளலாம் என்று தமிழ்நாடு அரசு தெளிவுபடுத்தியது. எங்கள் கேன்டீனில் அதைப் பற்றி மெதுவான குரலில் பேசினோம். பிறகு அப்ரைசல் வந்தது, பேச்சு நின்றது. அந்தப் பெண் மாதிரி ஒருவர் தமிழ்ப் புனைவில் இன்னும் வரவில்லை. கோர்ட்டுக்குப் போன மறுநாள் காலை எந்த பஸ்ஸில் ஏறினார், பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள், யார் உட்காரவில்லை? அந்தக் கதைக்காக நான் எத்தனை ரூபாய் வேண்டுமானாலும் கொடுப்பேன். 1966இல் ஜெமினியை விட்டு வந்த அசோகமித்திரன் அப்புறம் முழுநேரம் எழுதினார், பணக் கஷ்டத்தோடுதான். கடைசி ஆண்டுகளில் வேளச்சேரியில் இருந்தார். 2017 மார்ச்சில் இறந்தார். நான் இருந்த பஸ் வாரத்தில் ஐந்து நாள் வேளச்சேரிக்குக் கொஞ்சம் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாளும் போய்ப் பார்க்கவில்லை. லீவு இருந்தது.

இந்த மார்கழியில் கிழக்குத் தாம்பரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டீக்கடையில் அவனைப் பார்த்தேன். அவன்தான் முதலில் பார்த்து, "அண்ணா!" என்று கத்தினான். கொஞ்சம் இளைத்திருந்தான். ஐந்து மாதம் வேலை இல்லாமல் இருந்திருக்கிறான். ஈஸியாகக் கிடைக்கவில்லை. இப்போது மடிப்பாக்கத்தில் பதினான்கு பேர் இருக்கும் ஒரு சின்னக் கம்பெனி.

"ஓனர் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்ணா. அவங்க வீட்டு ஃபங்ஷனுக்குக்கூடப் போனோம். சம்பளம்தான் ஏழு, எட்டுத் தேதி ஆகுது."

இந்தக் கட்டுரையை எழுதிக்கொண்டிருப்பதாக அவனிடம் சொன்னேன். அந்த வீடியோ அழைப்பைப் பற்றிச் சொல்லவில்லை. இங்கே வந்தால் படிப்பான், இந்தப் பத்திரிகையை விடாமல் படிக்கிறவன். வாயால் சொல்ல முடியாததை இப்படிச் சொல்கிறேன் என்று அவனுக்குத் தெரிந்துவிடும். நம்பர் வாங்கிக்கொண்டேன்.

டீக்குக் காசை அவனே கொடுத்தான். வண்டியை எடுக்கும்போது திரும்பி, "அந்தக் கதைய அப்பவே படிச்சிட்டேண்ணா, சொல்லத்தான் டைம் கிடைக்கல" என்றான். "ஒரே ஒரு டவுட்டு. காதர் வேற ஸ்டுடியோவுக்குப் போயிருப்பார்ல?"